அறுபது நாற்காலிக் கச்சேரி

"மாமா, இன்றிரவு மாண்டலின் கச்சேரி ஒன்று இருக்கிறது. வருகிறீர்களா?" என்று மருமான் கேட்டபோது, நாம் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. கச்சேரி விஷயத்தில் முன்பின் விசாரிக்காமல் கிளம்புவது ஆபத்து என்பது நாம் அநுபவத்தில் கண்ட உண்மை.

"பக்க வாத்தியம் யார்?" என்று கேட்டோம்.

"பக்க வாத்தியமே கிடையாது. இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மாண்டலின், அவ்வளவுதான்."

"தாளத்துக்கு?"

"தாளத்துக்கும் அந்த இரண்டு மாண்டலின்தான்."

"கூட்டம் எப்படி இருக்கும்?"

"அறுபது பேர் வருவார்கள். அதற்கு மேல் அங்கே நாற்காலி இல்லை" என்றான் மருமான்.

அமெரிக்க தேசத்தில் டென்னஸி மாகாணத்தின் தலைநகரமான நாஷ்விலில் அவன் உத்தியோகம் பார்க்கிறான். அந்த ஊருக்கு 'சங்கீத நகரம்' என்றே ஒரு பட்டப் பெயர் உண்டு. அப்பேர்ப்பட்ட ஊரில், ஆயிரக்கணக்கான பேர் உட்காரக்கூடிய மண்டபங்கள் இருக்கும்போது, அறுபது நாற்காலி போட்ட அறையில் ஒரு கச்சேரி என்றால் அது எப்படிப்பட்டதாக இருக்கும்? நாம் தயங்கியதில் தவறில்லை அல்லவா? ஆனால் மருமானுடைய பத்து வயதுப் பெண் குழந்தை, "தாத்தா வந்தால் நானும் வருவேன், இல்லாவிட்டால் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் தயங்குவதற்கு வழியில்லாமல் போயிற்று.

* * *

கச்சேரிக்குள் நுழைவதற்கு முன்னால் இந்தச் சங்கீதத்தைப் பற்றி நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். இதன் பெயர் புளூகிராஸ். நேராக மொழிபெயர்த்தால் 'நீலப் புல்' என்று ஆகும். கென்டக்கி மாகாணத்தில் ஒரு வகைப் புல் செழித்து வளர்கிறது. அதை வெட்டாமல் விட்டால், பூக்கும் பருவத்தில் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வயல் முழுதும் சற்று நீலம் பூசினாற்போல் தோன்றுமாம். அதனால் அந்த மாகாணத்துக்கே 'நீலப் புல் மாகாணம்' என்று பெயர் வந்துவிட்டது. அந்த மாகாணத்தில் பிறந்த பில் மன்றோ என்பவர், தம்முடைய வாத்திய கோஷ்டிக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார். கோஷ்டியின் பெயரே நாளடைவில் சங்கீதத்தின் பெயராயிற்று. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மன்றோ பிறந்த ரோஸின் கிராமம் கென்டக்கியின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. நீலப் புல் விளையும் பிரதேசம் அதுவல்ல!

மலைப் பிரதேசங்களில் குடியேறிய ஸ்காட்லாந்து, அயர்லாந்து தேசத்தாரின் பிடில் மெட்டுக்கள், நீக்ரோவர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு ஜாதியாரின் சோக கீதங்கள், தேவாலயத்துப் பாட்டுக்கள் — இவையெல்லாம் சேர்ந்து பிறந்தது இந்தச் சங்கீதம். பாஞ்சோ என்னும் வாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் வழியாக வந்தது. ஆகையால் இது மிகப் பழமையான கலை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், கோஷ்டியாக வாசிக்கும் இப்போதைய உருவம் 1940-க்குப் பிறகு ஏற்பட்டதுதான். மாண்டலின், பிடில், பாஞ்சோ, கிதார், பெரிய பாஸ் வாத்தியம் ஆகிய ஐந்தும் இதற்கு உரியவை. பழைய சம்பிரதாயத்தில் முரசுக்கு இடம் கிடையாது.

பில் மன்றோ 1911-ம் வருஷம் செப்டம்பர் 13-ந் தேதி பிறந்தவர். எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி. மூத்தவர்களில் ஒருவர் பிடிலையும் இன்னொருவர் கிதாரையும் எடுத்துக் கொண்டுவிட்டபடியால், மிச்சமிருந்த மாண்டலின் இவருடைய தலையில் கட்டப்பட்டது. அதிலும், "நீ எட்டுத் தந்தியையும் மீட்டினால் சத்தம் அதிகமாகிவிடும்; நான்கு தந்தி போதும்" என்று தமையன்மார்கள் உத்தரவு போட்டார்களாம்! பத்து வயதில் தாயையும், பதினாறு வயதில் தகப்பனாரையும் இழந்த அந்தச் சிறுவனுக்கு ஆதரவு அளித்தவர் பிடில் வாசிக்கும் தாய்மாமன் பென் வாண்டிவர். இரவு நேரங்களில் கிராமத்து வீடுகளில் நடனம் நடக்கும். மாமன் பிடில் வாசிக்க, மருமான் கூட இருந்து வாசிப்பான். ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பு ஜாதி கிதார் வித்துவானோடும் அந்தச் சிறுவன் பல இரவுகள் வாசித்திருக்கிறான். அவரிடம் தாம் கற்றது மிக அதிகம் என்று மன்றோ பிற்காலத்தில் மனப்பூர்வமாகச் சொல்லி வந்தார்.

இவையெல்லாம் நடந்தது எங்கே? பெரிய மண்டபங்களிலா? இல்லை. வீட்டுக் கூடங்களில்; ஜமக்காளத்தைச் சுருட்டி ஒரு பக்கம் வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து ஜோடிகள் ஆடக்கூடிய இடங்களில். பிற்பாடு சார்லி, பில் என்ற மன்றோ சகோதரர்கள் 'டூயட்' கோஷ்டியாகக் கிளம்பியபோதும் அப்படித்தான். ஒருவர் கிதார், ஒருவர் மாண்டலின். 1936-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அவர்களுடைய முதல் கிராமபோன் தட்டுக்கள் பதிவாயின. காலையில் ரேடியோ நிலையத்தில் வாசிப்பார்கள். "இன்று மாலை இன்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கப் போகிறோம்" என்று அதிலேயே அறிவிப்பார்கள். மாலையில் அந்தப் பள்ளிக்கூடத்தில் விவசாயக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வந்து பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்து கொள்ளும். 1938-ல் சகோதரர்கள் பிரிந்தார்கள். 1939-ம் வருஷம் அக்டோபரில் பில் மன்றோ தம் சொந்தக் கோஷ்டியோடு நாஷ்விலின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஆப்ரி' ரேடியோக் கச்சேரியில் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் 1996-ல் காலமாகும் வரையில் மாண்டலினும் அவரும் பிரிந்ததில்லை.

* * *

மருமான் எங்களை அழைத்துச் சென்ற இடம் ஒரு பழைய செங்கல் கட்டிடத்தின் பின்பக்கத்து அறை. வாசலில் ஒரு அம்மாள் சிறு மேஜை போட்டுக்கொண்டு ஆளுக்கு 20 டாலர் வாங்கிக் கொண்டு, கையில் மையினால் ஒரு முத்திரை குத்தி உள்ளே அனுப்பினாள். மேடை என்று சொல்லக்கூடியது ஒரு முழ உயரம் இருக்கும். முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் காலை நீட்டினால் வித்துவான்களின் மேல் இடிக்கும். மேடையின் நடுவில் ஒரே ஒரு ஒலிவாங்கி.

வித்துவான்கள் இருவரும் வந்தார்கள். ஒருவருக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். நரைத்த தலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மற்றவருக்கு முப்பது இருக்கலாம். பெரியவரிடம் பாடம் கேட்டவராம். அவர்களுடைய பெயர்களை நாம் இங்கே குறிப்பிடப் போவதில்லை. அதற்குக் காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் தெரியும்.

முதல் உருப்படி ஆரம்பமாயிற்று. பெரியவர் மெட்டை எடுத்தார். சின்னவர் என்ன செய்தார் என்றால், இடது கை விரல்களால் தந்திகளை அழுத்தி, வலது கையால் 'சக்' என்று ஒரு தட்டுத் தட்டி, உடனே அழுத்தத்தை விட்டுவிட்டார். நாதம் பிறந்த மாத்திரத்தில் அடங்கிப் போயிற்று. இரண்டாவது எண்ணிக்கையிலும் நான்காவது எண்ணிக்கையிலும் இப்படிச் 'சக்', 'சக்' என்று விழுந்துகொண்டேயிருந்தது. முரசு எங்கே என்று நாம் கேட்டோமே, அந்தக் கேள்விக்கு இதுதான் பதில்! மாண்டலினையே தாள வாத்தியமாக்கும் இந்த உபாயத்தைப் பிரசித்தப்படுத்தியவர் மன்றோதான். மெட்டு சின்னவர் கைக்கு மாறியதும், ஒரு எண்ணிக்கைகூடத் தவறாமல் பெரியவர் 'சக்', 'சக்' என்று போட ஆரம்பித்தார். இறுக்கிப் பூட்டிய வண்டியில் இரண்டு மாடுகளும் ஒரே அடியாக எடுத்து வைப்பது போல் இருந்தது.

அந்த ஒரு ஒலிவாங்கியின் விஷயமும் கவனிக்கத் தக்கது. மெட்டை வாசிக்கிறவர் ஓர் அடி முன்னால் வருவார்; மற்றவர் ஓர் அடி பின்னால் போவார். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்களுடைய கால்கள்தான். ரேடியோ ஆரம்ப காலத்தில் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று பாடிய வழக்கத்திலிருந்து வந்தது இது. இருவரும் இடம் மாறும்போது தோளோடு தோள் உராயுமே தவிர, வாத்தியங்கள் ஒரு தடவைகூட மோதிக் கொள்ளவில்லை.

எல்லாவற்றையும்விட நம்மைக் கவர்ந்தது வேறொன்று. வேகமான உருப்படிகளில் பெரியவர் ஒரு சங்கதியைத் தொடங்குவார். அது மேலே ஏறும்போது சட்டென்று விட்டுவிடுவார். அந்த உச்சியைச் சின்னவர் பிடித்து முடிப்பார். மறுபடியும் கீழே இறங்கி வரும்போது பெரியவர் வாங்கிக் கொள்வார். ஒரு வாக்கியத்தை இருவர் பாதி பாதியாகப் பேசுவது போன்ற அழகு! இடைவேளையில் மருமானிடம் இதைப்பற்றி நாம் வெகுவாகச் சிலாகித்தோம். "என்ன கற்பனை! என்ன ஒத்திகை!" என்று தலையை ஆட்டினோம். நாம் எவ்வளவு தூரம் தவறாக அறிந்துகொண்டிருந்தோம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

* * *

இடைவேளையில் பெரியவர் மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று காப்பி சாப்பிட்டார். சின்ன இடத்தில் கச்சேரி கேட்பதில் உள்ள சௌகரியம் இது. நாம் அவருடைய வாத்தியத்தைப்பற்றி விசாரித்ததும், ஒரு கதையே சொல்லிவிட்டார்.

மாண்டலினின் பூர்வீகம் இத்தாலி. நேபிள்ஸ் நகரத்து மாண்டலினுக்கு முதுகு குடம் போல் உருண்டிருக்கும். 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் மாண்டலின் பைத்தியம் பிடித்து, ஊருக்கு ஊர் மாண்டலின் கோஷ்டிகள் தோன்றின. மிச்சிகன் மாகாணத்துக் கலமாஸூ என்ற ஊரில் ஆர்வில் கிப்ஸன் என்பவர் குடத்தை விட்டுவிட்டு, பிடிலைப் போல் மேல் பலகையையும் அடிப்பலகையையும் செதுக்கி வளைத்துப் புது மாதிரி மாண்டலின் செய்தார். 1902-ல் அவர் பெயரால் ஒரு கம்பெனி ஏற்பட்டது. அந்தக் கம்பெனியில் லாயிட் லோர் என்ற சங்கீத ஞானமுள்ள நிபுணர் 1922-ம் வருஷத்தில் 'எஃப்-5' என்ற ரகத்தை வெளியிட்டார். பிடிலில் உள்ளது போன்ற வளைந்த இரண்டு துவாரங்கள், மேலே ஸ்புரூஸ் மரம், கீழே மேப்பிள் மரம். நாதம் கணீரென்று எழும். ஆனால் பாவம், அதற்குள் ஜனங்களுடைய மாண்டலின் பைத்தியம் தெளிந்துவிட்டது! வாத்தியங்கள் விலை போகவில்லை. லோரும் 1924-ல் கம்பெனியை விட்டுப் போய்விட்டார்.

இருபது வருஷம் கழித்து, பிளோரிடா மாகாணம் மயாமி நகரத்தில் ஒரு க்ஷவரக் கடையின் ஜன்னலில் அந்த வாத்தியங்களில் ஒன்று விலைக்கு இருந்தது. 1923-ம் வருஷம் ஜூலை 9-ந் தேதி லோர் கையெழுத்திட்ட வாத்தியம் அது. அதை மன்றோ 150 டாலருக்கு வாங்கினதாகச் சொல்வார். பிறகு அவர் வாசித்தது பெரும்பாலும் அதில்தான். ஒரு சமயம் பழுது பார்க்கக் கம்பெனிக்கு அனுப்பினார். அவர்கள் செய்து அனுப்பிய வேலை திருப்தியாயில்லை. கோபம் வந்துவிட்டது. 'தி கிப்ஸன்' என்று வாத்தியத்தின் தலையில் பதித்திருந்ததில், 'கிப்ஸன்' என்ற சொல்லைப் பேனாக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். 'தி' மட்டும் மிஞ்சியது! வெகு காலம் கழித்து, 1980-ல் சமாதானம் ஏற்பட்டுப் பெயர் மறுபடியும் பதிக்கப்பட்டது. 1985-ல் யாரோ ஒரு பாவி அவர் வீட்டில் புகுந்து, கணப்பு கிளறும் இரும்புக் கோலால் அந்த வாத்தியத்தை அடித்து நொறுக்கிவிட்டுப் போனான். நூற்றுக்கு மேற்பட்ட மரச் சில்லுகள். கிப்ஸன் கம்பெனியின் சிற்பி ஒருவர் பூதக் கண்ணாடி வைத்துக் கொண்டு ஒவ்வொரு சில்லாக ஒட்டி, 1986-ல் மன்றோவின் கையில் திருப்பிக் கொடுத்தார். பின்னர் அது நாஷ்வில் நகரத்துச் சங்கீதக் காட்சிச்சாலையைச் சேர்ந்தது. லோர் கையெழுத்திட்ட வாத்தியங்களுக்கு இப்போதெல்லாம் லட்சம் டாலருக்கு மேல் விலை சொல்கிறார்கள்.

"என்னுடையது அதைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்தது" என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார். "நான் க்ஷவரத்துக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலைப் பார்க்கத் தவறுவதில்லை. இதுவரையில் ஒன்றும் அகப்படவில்லை."

நம்முடைய தேசத்திலும் மாண்டலின் உண்டு என்று சொன்னோம். அவருக்கு அது தெரிந்திருந்தது. உப்பலப்பு ஸ்ரீநிவாஸின் பெயரைத் தட்டுத் தடுமாறி உச்சரித்தார். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்திகளில் கர்நாடக சங்கீதத்தின் கமகங்களை வரவழைத்த அந்த மேதை, 2014-ம் வருஷம் நாற்பத்தைந்தாவது வயதில் மறைந்ததை நாம் சொன்னபோது, பெரியவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். ஸ்ரீநிவாஸும் அவருடைய தம்பி ராஜேஷும் சேர்ந்து வாசித்த இரட்டை மாண்டலின் கச்சேரிகளைக் கேட்டவர்களுக்கு அந்த மௌனத்தின் பொருள் விளங்கும்.

இந்தச் சமயத்தில் மருமான், "என் பெண்கூட வயலின் கற்றுக் கொள்கிறாள்" என்று சொல்லிவிட்டான். குழந்தை அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். விஷயம் என்னவென்றால், அவள் அதை விட்டுவிடப் போவதாக ஒரு மாதமாய்ப் பிடிவாதம் செய்துகொண்டிருந்தாள். சென்னையிலுள்ள வாத்தியார் கம்ப்யூட்டர் திரை வழியாகப் பாடம் சொல்லித் தருகிறார். அவர் மீது குறை ஒன்றுமில்லை. "ஆனால் நான் யாருக்கு வாசிக்கிறது?" என்பது குழந்தையின் கேள்வி. அதற்கு வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

பெரியவர் ஒன்றும் கேட்காமல் தம்முடைய மாண்டலினை அவள் மடியில் வைத்தார். பிளெக்ட்ரம் என்னும் சிறு சில்லை விரலில் பிடிக்கக் காட்டினார். மாண்டலினுக்கும் மேல்நாட்டுப் பிடிலுக்கும் சுருதி ஒன்றே. தந்திக்குத் தந்தி ஐந்து ஸ்வர தூரம். நம் வயலினில் ஸ-ப-ஸ-ப என்று வைப்பதால் நடுவில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆனால் மேலேயுள்ள இரண்டு தந்திகளை மட்டும் எடுத்துக் கொண்டால் அது நம் ஸட்ஜமம், பஞ்சமம்தான். குழந்தை இரண்டு மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டு, இதைத் தானாகவே கண்டுபிடித்து விட்டாள்! அடுத்த நிமிஷம் மாயாமாளவகௌளையில் முதல் ஸரளி வரிசை, அந்த டென்னஸி மாகாணத்து அறையில் கேட்டது. சின்னவர் எங்கிருந்தோ தம் வாத்தியத்தோடு வந்து, 'சக்', 'சக்' என்று தாளம் போட்டார். காப்பிக் கோப்பைகளோடு நின்ற ஏழெட்டுப் பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் 'பலே' என்று கத்தவில்லை. கை தட்டிக் குழந்தையைப் பயமுறுத்தவும் இல்லை. முடியும் வரை நின்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

* * *

இரண்டு நாள் கழித்து, பட்டணத்துக்கு வெளியே ஒரு வீட்டில் அதே இருவரின் கச்சேரி. இது அறுபதுகூட இல்லை, முப்பது நாற்காலிதான். வீட்டுக் கூடத்தில் சாமான்களை ஒதுக்கி இடம் செய்திருந்தார்கள். இப்படி வீட்டில் கச்சேரி வைப்பது அந்தத் தேசத்தில் பல இடங்களில் வழக்கமாகி வருகிறது. வீட்டுக்காரர் பணம் எடுத்துக் கொள்வதில்லை. வருகிறவர்கள் போடுவது முழுவதும் வித்துவான்களுக்குச் சேரும். ஒலிவாங்கி கிடையாது. விரல் தந்தியின் மீது படும் ஓசைகூடக் காதில் விழுந்தது.

அங்கேதான், நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தபோது, நாம் ஒன்றைக் கவனித்தோம். பெரியவருடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே இருந்தன. அவை தந்திகளின் மேல் நீண்டு செல்லவேயில்லை. இரண்டே விரல்களால்தான் அவர் வாசித்துக் கொண்டிருந்தார்! சங்கதி உச்சிக்கு ஏறும் இடங்களில், எட்டாத அந்த ஸ்வரங்களைத்தான் சின்னவர் எடுத்துக் கொண்டிருந்தார். கற்பனை என்றும் ஒத்திகை என்றும் நாம் தலையை ஆட்டினோமே, அது ஒரு சிஷ்யன் தன் குருவின் கைக்குக் கொடுத்துக் கொண்டிருந்த தோள்!

இடைவேளையில் சமையலறையில் பெரியவரே சொன்னார். மூட்டு வாதம். நாலைந்து வருஷமாக விரல்கள் ஒவ்வொன்றாக விறைத்து வருகின்றன. 2020-ம் வருஷத்துத் தொற்று நோயின்போது கச்சேரி இடங்கள் அத்தனையும் மூடிக் கிடந்தன. அப்போதே வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடத் தீர்மானித்தாராம். "இவன்தான் வந்தான். 'நீங்கள் விடுகிற இடத்தை நான் எடுத்துக் கொள்கிறேன், வாருங்கள்' என்றான். பெரிய மேடையில் இதைச் செய்ய முடியாது. அங்கே நான் விடப் போவது இவனுக்கு எப்படித் தெரியும்? இங்கே நான் மூச்சு விடுவது இவனுக்குக் கேட்கிறது."

நாம் வாயடைத்து நின்றோம். அவர்களுடைய பெயர்களை ஏன் எழுதவில்லை என்பது நேயர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். பெரியவருடைய விரல்களின் செய்தியை அவர் சொல்லும் வரையில் நாம் ஊருக்குச் சொல்வது நியாயமல்ல.

* * *

அந்தத் தொற்று நோய் வந்தபோது முதலில் மூடப்பட்டவையும் கடைசியில் திறக்கப்பட்டவையும் இத்தகைய இடங்களே. பெரிய கம்பெனிகளின் மண்டபங்கள் காத்திருக்கக் கூடியவை. வாடகைக்கு அறை எடுத்து நடத்துகிறவன் எத்தனை மாதம் காத்திருப்பான்? நாடெங்கும் இருந்த சிறு சபைக்காரர்கள் ஒன்று சேர்ந்து முறையிட்டதன் பேரில், 2020 டிசம்பரில் அமெரிக்கச் சட்டசபை ஒரு உதவிச் சட்டம் செய்தது. மொத்தத்தில் சுமார் 1,600 கோடி டாலர் இந்த வகைக்கு ஒதுக்கப்பட்டது. பல இடங்கள் பிழைத்தன. பல இடங்கள் பிழைக்கவில்லை.

நாஷ்விலிலேயே 'ஸ்டேஷன் இன்' என்ற ஒரு விடுதி உண்டு. 1974-ல் சில வித்துவான்களே சேர்ந்து ஆரம்பித்தது. 1978-ல் குல்ச் என்ற பேட்டைக்கு மாறியது. அப்போது அது கிடங்குகளும் ரயில் தண்டவாளங்களும் நிறைந்த பேட்டை. 1981-ல் ஜே. டி. கிரே என்பவர் அதை வாங்கினார். அவரும் ஒரு பாஸ் வாத்தியக்காரர். பில் மன்றோவே சில இரவுகளில் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே வந்து மேடையேறி வாசித்திருக்கிறார். பிற்பாடு பேட்டை முழுவதும் ஆகாயத்தை அளாவும் மாளிகைகள் எழுந்தன. நிலத்தின் விலை எங்கேயோ போயிற்று. ஆனாலும் கிரே 2021-ல் காலமாகும் வரையில் அந்தத் தாழ்ந்த கட்டிடத்தில் புளூகிராஸ் கச்சேரியை விடாமல் நடத்தினார். அவர் நஷ்டக் கணக்குப் பார்த்திருந்தால் எத்தனையோ இளம் வித்துவான்களுக்கு முதல் மேடை கிடைத்திராது.

நாம் சொல்ல விரும்புவது பெரிய மண்டபம் கூடாது என்பதல்ல. ஆயிரம் பேர் கேட்டால்தான் வித்துவானுக்கு ஜீவனம் நடக்கும். அறுபது பேர் ஆளுக்கு 20 டாலர் கொடுத்தால் 1,200 டாலர். அதில் இடத்துக்காரன் பங்கு, பெட்ரோல், இரவு தங்கும் செலவு எல்லாம் போக இருவருக்கு மிஞ்சுவது என்ன என்று குடும்பஸ்தர்களாகிய நேயர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். ஆனால் வித்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவது மட்டும் பெரிய மண்டபத்தில் நடப்பதில்லை. பென் மாமனிடமிருந்து மன்றோவுக்கு அது ஒரு வீட்டுக் கூடத்தில் மாறியது. இந்தப் பெரியவரிடமிருந்து இந்தச் சின்னவருக்கு அது நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தது. தட்டுக்களிலும் திரைகளிலும் சங்கீதம் வருகிறது, வாஸ்தவம். மடங்கிய விரல் அதில் தெரிவதில்லை.

* * *

கடைசி உருப்படிக்கு முன்னால் பெரியவர் தம்முடைய வாத்தியத்தின் சுருதியை மாற்ற ஆரம்பித்தார். மன்றோ முதிய வயதில் அமைத்து, 1981-ல் இசைத்தட்டாக வெளிவந்த ஒரு கீர்த்தனம். 'பூமியில் என் கடைசி நாட்கள்' என்று பொருள்படும் பெயர். அதற்கு மாண்டலினின் ஜோடித் தந்திகளில் சிலவற்றை ஒன்றுபோல் இல்லாமல் வெவ்வேறு ஸ்வரத்தில் வைக்க வேண்டும். அதனால் ஒரு விரல் அழுத்தினாலே இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும். சுருதி கூட்ட நாலைந்து நிமிஷம் ஆயிற்று. முப்பது பேரும் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தார்கள்.

அந்த மெட்டில் வேகம் இல்லை. உச்சிக்குத் தாவும் சங்கதி இல்லை. அதற்கு இரண்டு விரல் போதும். சின்னவர் தம் வாத்தியத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்த இரண்டு நாட்களில் முதல் தடவையாகப் பெரியவர் தனியே வாசித்தார். ஆரம்பித்த சங்கதிகளையெல்லாம் அவரே முடித்தார். சின்னவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாசித்து முடிந்ததும் ஒருவரும் உடனே கை தட்டவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் குழந்தை ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம். மறுநாள் காலையில் நாம் காப்பி சாப்பிட்டுக் கொண்டிருக்கையில், வயலின் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வந்து நின்றாள்.

"தாத்தா, நீங்கள் இந்த நாற்காலியில் உட்காருங்கள். அப்பா, நீ அந்த நாற்காலியில் உட்கார். எழுந்து போகக்கூடாது. வாசிக்கட்டுமா?" என்றாள்.

உட்கார்ந்தோம்.